முகவரிப் பட்டியைப் படிக்கப் பழகுவோம்

‘இன்று மாலைக்குள் கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்காவிடில் தங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் நம் வங்கியின் பக்கத்தைப் போன்றே ஒன்று திறக்கிறது. வங்கியின் சின்னம், நிறம், எழுத்து என எதிலும் குறை காண முடிவதில்லை. இவற்றையெல்லாம் எவரும் சில நிமிடங்களில் நகலெடுத்துவிட இயலும் என்பதே காரணம். நகலெடுக்க இயலாத ஒன்று அந்தத் திரையின் மேற்பகுதியில் இருக்கிறது. அதுவே இணைய முகவரி.

பூட்டுச் சின்னத்தின் பொருள்

முகவரிக்கு அருகில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளம் நம்பத்தக்கது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. நம் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல்கள் மறையாக்கம் செய்யப்படுகின்றன, இடைவழியில் பிறர் படிக்க இயலாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது உணர்த்துவதில்லை. மோசடித் தளங்களும் இதற்கான சான்றிதழை எளிதில் பெற்றுவிடுகின்றன. இத்தகைய தவறான புரிதலைக் கருதியே கூகுள் நிறுவனம் தனது குரோம் உலாவியில் பூட்டுச் சின்னத்தை 2023ஆம் ஆண்டில் மாற்றியமைத்தது.

முகவரியைப் படிக்கும் முறை

இந்திய ரிசர்வ் வங்கி, நம் நாட்டு வங்கிகள் அனைத்தும் ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் மாற வேண்டும் என்று பணித்தது. இம்முகவரிகளை வழங்கும் பொறுப்பு ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வங்கிகளைத் தவிர வேறெவரும் இதனைப் பெற இயலாது.

முகவரியின் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் படிக்க வேண்டும். ‘வங்கிப்பெயர்.பேங்க்.இன்’ என்று முடிந்தால் அது வங்கியின் தளம். ‘வங்கிப்பெயர்.பேங்க்.இன்.வேறொருபெயர்.காம்’ என்று இருந்தால், அத்தளத்தின் உரிமையாளர் ‘வேறொருபெயர்.காம்’ என்பதைப் பதிவுசெய்தவரே. முன்னால் வரும் சொற்கள் வெறும் அலங்காரம். கைப்பேசியில் நீண்ட முகவரியின் ஒரு பகுதி மறைந்திருக்கக்கூடும் என்பதால், பட்டியைத் தொட்டு முழுவதையும் காண்பது நலம்.

உலாவி அறிந்திருப்பவை

நாம் பார்த்த தளங்கள், நிரப்பிய படிவங்கள், சேமித்த கடவுச்சொற்கள் ஆகிய அனைத்தும் உலாவியில் தங்குகின்றன. எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

• உலாவியை உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அண்மையில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் இவற்றின் வாயிலாகவே சரிசெய்யப்படுகின்றன.

• தேவையற்ற நீட்சிகளை நீக்கிவிடுங்கள். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி பெற்ற நீட்சி, நாம் வங்கித் தளத்தில் தட்டச்சு செய்வதையும் படிக்க வல்லது.

• மறைநிலைச் சாளரம் அந்தக் கருவியில் வரலாற்றைச் சேமிக்காமல் இருக்க உதவுமேயன்றி, போலித் தளத்திலிருந்து நம்மைக் காக்காது. பிரௌசிங் சென்டர் போன்ற பொது இடங்களில் வங்கிப் பணிகளை அறவே தவிர்ப்பது நன்று.

• வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். தேடல் முடிவுகளில் போலி எண்களும் இடம்பெறுகின்றன. பற்று அட்டையின் பின்புறத்திலும் கணக்குப் புத்தகத்திலும் உள்ள எண்ணே போதுமானது.

இழப்பு யாருடையது?

இதனை வாடிக்கையாளர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி மூன்றாம் தரப்பால் பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் ரூ.10,000.

ஆனால் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால் நிலைமை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவரைச் சார்ந்தது. தெரிவித்த பின் ஏற்படுவதே வங்கியைச் சார்ந்தது. ஏமாந்துவிட்டோமே என்ற கூச்சத்தால் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் ஓரிரு நாள்களைக் கடத்துவோர் உண்டு. அந்த இடைவெளியில் எஞ்சிய பணமும் போய்விடக்கூடும்.

ஆகவே ஐயம் எழுந்த உடனேயே முதலில் வங்கிக்குத் தெரிவித்து, கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் மோசடியாளரின் கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு முன் தகவல் கிடைத்தால் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பின்னர் வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

வங்கி அதிகாரிகளாகிய நாங்கள் தங்கள் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ எக்காலத்திலும் கேட்பதில்லை. கேஒய்சி குறித்து ஐயமிருப்பின் கிளைக்கு நேரில் வாருங்கள்.