உரோமை ஆட்சியில் ஊர்கள் அடித்த காசுகள்

பழங்காசு சேகரிப்போரில் பலர் உரோமைப் பேரரசின் பொன், வெள்ளி நாணயங்களையே தேடி அலைவர். நாம் இங்கே சொல்லவிருப்பவை அவற்றைவிட எளியவை. பெரும்பாலும் வெண்கலத்தாலும் செம்பாலும் ஆனவை. கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை, பேரரசுக்கு உட்பட்ட 500-க்கும் மேற்பட்ட நகரங்கள் தங்கள் சந்தைக்கு வேண்டிய சில்லறையைத் தாமே அடித்துக்கொண்டன. இவை மாகாணக் காசுகள் எனப்படும்.

இவற்றின் ஒரு புறத்தில் வழக்கமாகப் பேரரசரின் தலை இருக்கும். மறுபுறத்தை ஊர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். ஊர்க் கோவில், ஆறு, மலை, பழங்கதை எல்லாம் அங்கே இடம்பெறும். நமக்குச் சுவையானது இந்த மறுபுறமே.

இன்றைய துருக்கியில் தினார் என்றோர் ஊர் இருக்கிறது. (நாணயத்தின் பெயரே ஊருக்கும் வாய்த்திருப்பது வேடிக்கைதான்!) அதன் பழைய பெயர் அப்பாமேயா. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அவ்வூர் அடித்த வெண்கலக் காசொன்றில், திறந்த பெட்டி ஒன்று நீரில் மிதக்கிறது. அதனுள் ஓர் ஆணும் பெண்ணும். பெட்டிக்கு மேலே கிளையைப் பற்றியபடி ஒரு புறா பறக்கிறது. பக்கத்தில் அதே இருவரும் கரையேறிக் கையுயர்த்தி நிற்கின்றனர். பெட்டியின்மேல் மூன்றே கிரேக்க எழுத்துக்கள்: 'நோவே'. ஆம், நம் விவிலியத்து நோவாதான்! அப்பாமேயா கிறிஸ்தவ நகரமன்று. பல தெய்வங்களை வணங்கிய ஊர். ஆயினும் அங்கே யூதர் பலர் வாழ்ந்தனர். மேலும், ஊருக்கு 'கிபோட்டோஸ்' என்ற பட்டப்பெயரும் உண்டு. கிரேக்கத்தில் அதற்குப் பெட்டி என்று பொருள். நோவாவின் பேழையையும் கிரேக்க விவிலியம் அச்சொல்லாலேயே குறிக்கிறது. தமிழிலும் பேழை என்பது பெட்டிதானே! அயலார் கதையைத் தன் கதையாக ஏற்று, பேரரசரின் தலைக்குப் பின்னால் பொறித்த அவ்வூராரின் பெருந்தன்மையை நாம் மெச்சாதிருக்க முடியாது.

மற்றொரு காசு மிகச் சிறியது. எடை ஏறக்குறைய இரண்டு கிராம். விசுவாசப் பிரமாணத்தில் நாம் உச்சரிக்கும் போஞ்சு பிலாத்து, யூதேயாவை ஆண்டபோது வெளியிட்டது. அவர் பெயர் அதில் இல்லை. ஆண்டைக் கொண்டே அவருடையது என அறிகிறோம். இலை வளையத்துக்குள், ஆங்கில 'எல்' போன்ற ஒரு குறி 'ஆண்டு' என்பதைக் காட்டும். அடுத்து அயோட்டா, சீட்டா என்னும் இரு எழுத்துக்கள். நம் முன்னோர் க, உ எனத் தமிழெழுத்தையே எண்ணாக எழுதியது போலக் கிரேக்கரும் எழுதினர். அயோட்டா 10, சீட்டா 7. ஆக, திபேரியு அரசரின் 17-ஆம் ஆண்டு. அவர் பட்டமேறியது கி.பி. 14, எனவே காசு கி.பி. 30-31ஐச் சேர்ந்தது. மறுபுறத்தில் உரோமைக் குருக்கள் குறி பார்க்கும் வளைகோல். முன்னிருந்த ஆளுநர்கள் பேரீச்சமரம், கதிர் என யூதர் மனம் நோகாத சின்னங்களையே பொறித்தனர். பிலாத்து அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய குணம் இந்தச் சிறு காசிலேயே தெரிகிறது என்பது நம் எண்ணம்.

எபேசு நகரின் காசுகளில் அர்த்தமி தேவதையின் கோவிலைக் காணலாம். அப்போஸ்தலர் பணி நூலில், கலகத்தை அடக்க எழுந்த நகரச் செயலர் எபேசைக் 'கோவில் காவலர்' என்கிறாரே, அந்தப் பட்டம் காசிலும் உண்டு. சிமிர்னாவும் பெர்காமும் இதே பட்டத்துக்காக எபேசுடன் போட்டியிட்டன. பக்கத்து ஊர்ப் பொறாமை அன்றும் இருந்தது!

சேகரிக்க விரும்பும் தோழியர்க்கு ஒரு வார்த்தை. புளி போட்டுப் பித்தளைச் செம்பைத் துலக்குவது போல் இவற்றைத் துலக்கிவிடாதீர்கள். கெட்டியாகப் படிந்த பச்சைக் களிம்பே எழுத்துக்களைக் காத்து நிற்கிறது. பொடியாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய். அது கண்டால் அக்காசை ஈரமின்றித் தனியே வையுங்கள். போலிகளும் ஏராளம். உண்மைக் காசு அச்சில் வைத்து அடிக்கப்பட்டது. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், முகத்தில் ஊசிமுனைக் குழிகளும் தென்படலாம்.

இவற்றினும் முக்கியமானது காசு கிடைத்த இடம். ஊர்ச் சில்லறை பொதுவாக ஊரைச் சுற்றியே புழங்கியது. அது தொலைதூரத்தில் அகப்பட்டால், படைவீரனோ வணிகனோ எடுத்துச் சென்றிருக்க வேண்டும். அகழ்வோர் மண்ணின் எந்த அடுக்கில் கண்டார் என்பதைக் கொண்டு ஒரு வீட்டின் காலத்தையே கணிக்கலாம். திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கும்போது இத்தனையும் அழிகிறது. அதனால்தான் துருக்கி இவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை விதித்துள்ளது. நம் நாட்டிலும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

நல்ல சேகரிப்பாளர் ஒவ்வொரு காசையும் தனி உறையிலிட்டு, எடை, குறுக்களவு, எழுத்து, யாரிடம் பெற்றது, கிடைத்த இடம் என வரிசையாக எழுதி வைப்பார். கடைசி வரி மட்டும் பல உறைகளில் வெறுமையாகவே இருக்கும்.