அறை ஒன்று; விலை மூன்று!

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்ற சேதி வந்தால், திருநெல்வேலிக்காரர்களுக்குச் சந்தோஷமும் தொல்லையும் சேர்ந்தே வருகின்றன. பஸ் ஏறினால் அருவி என்பது சந்தோஷம். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அறை பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு தலையில் விழுமே, அதுதான் தொல்லை.

"அத்தான், நாங்க பன்னிரண்டு பேர் வர்றோம். ரெண்டு நாளைக்கு நல்ல ரூமாச் சொல்லி வையுங்க" என்று போன் வந்துவிடும்.

அத்தான் செல்போனை எடுத்துப் பார்க்கிறார். அறை பதிவு செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றின் பக்கத்தில் ஒரு விலை இருக்கிறது. அதே லாட்ஜின் சொந்த இணையதளத்தில் வேறு விலை. லாட்ஜுக்கே போன் போட்டுக் கேட்டால் மூன்றாவதாக ஒரு விலை! அறை என்னவோ ஒன்றுதான். அதே கட்டில், அதே மெத்தை, ஜன்னலைத் திறந்தால் அதே மலை. விலை மட்டும் ஏன் மூன்று?

இடையில் நிற்பவர் பங்கு

கமிஷன்தான் காரணம். பதிவுக் கம்பெனி மூலம் ஓர் அறை போனால், வாடகையில் நூற்றுக்கு 15 முதல் 25 ரூபாய் வரை அந்தக் கம்பெனிக்குப் போவது சாதாரணம். லாட்ஜுக்காரர் அதையும் கணக்கில் வைத்துத்தான் விலை போடுகிறார். சில சமயம் பதிவுக் கம்பெனியே தனக்கு வரும் கமிஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, லாட்ஜுக்காரர் சொல்லும் விலையைவிடக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. வாடிக்கைக்காரர் தன் பக்கம் வந்தால் போதும் என்பது அதன் எண்ணம்.

அப்படியானால் லாட்ஜுக்காரர் தம் சொந்த இணையதளத்தில் விலையைக் குறைத்துவிட்டால் என்ன? அங்கேதான் ஒரு முடிச்சு இருந்தது. "எங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் விலையைவிடக் குறைத்து வேறு எங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்த இணையதளத்திலும் கூடாது" என்று பதிவுக் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டன. தன் வீட்டு மாம்பழத்தைத் தன் வாசலில் வைத்து விலை குறைத்து விற்க ஒருவருக்கு உரிமை இல்லை என்பது போலத்தான் இதுவும்.

இந்தியாவில் ஓட்டல், உணவக உரிமையாளர்களின் கூட்டமைப்பு இதை எதிர்த்து இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் 2019 அக்டோபரில் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மேக்மைடிரிப்-கோஐபிபோவுக்கு 223 கோடியே 48 லட்சம் ரூபாய் அபராதம். அந்தக் கம்பெனியோடு செய்துகொண்ட ஏற்பாட்டினால் போட்டியாளர்களின் ஓட்டல்களைப் பட்டியலிலிருந்து நீக்க வழி செய்ததற்காக ஓயோவுக்கு 168 கோடியே 88 லட்சம் ரூபாய். விலை பற்றிய அந்த நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் மேக்மைடிரிப்புக்கு ஆணையம் கட்டளையிட்டது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த சண்டை அல்ல. ஜெர்மனியில் எச்.ஆர்.எஸ். என்ற பதிவுக் கம்பெனியின் இதே மாதிரி நிபந்தனைக்கு அந்நாட்டுப் போட்டி அதிகாரிகள் 2013-லேயே தடை போட்டார்கள். பிரான்ஸ் 2015-ல் சட்டமே இயற்றியது.

குற்றாலத்து லாட்ஜு அறைக்கும் பெர்லின் ஓட்டல் அறைக்கும் வழக்கு ஒன்றாகப் போனது வேடிக்கைதான்!

ஆகவே, தனி லாட்ஜாக இருந்தால் அத்தான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. பதிவுக் கம்பெனியின் பக்கத்தில் வரி உட்பட வரும் கடைசி விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, லாட்ஜுக்கு நேரே போன் செய்ய வேண்டும்.

"அண்ணாச்சி, செல்போன்லே இவ்வளவு காட்டுது. உங்ககிட்ட நேரா எடுத்தா என்ன தருவீங்க?"

கமிஷன் மிச்சமாகிறது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். அதில் பாதியையாவது விட்டுக்கொடுக்க அவர் தயங்கமாட்டார். ஆனால் சாரல் உச்சத்தில் இருக்கும் சனி, ஞாயிறுகளில் இந்தப் பேச்சு எடுபடாது. 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரம் நடந்தபோது படித்துறைகளில் ஜனம் அலைமோதியதே, அந்த மாதிரி நாட்களிலும் எடுபடாது. அறை கிடைத்தாலே போதும் என்று நிற்பவரிடம் யார் விலை குறைப்பார்கள்?

பெரிய ஓட்டல்களின் வாக்குறுதி

இதே அத்தான் மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கவோ, வீட்டில் ஒருவருக்கு வைத்தியம் பார்க்கவோ சென்னைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு, மூன்று நாள் தங்க வேண்டும். வயதானவர் கூட இருப்பதால், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல் கம்பெனி ஒன்றில் அறை எடுக்க நினைக்கிறார். அங்கே பேரம் பேச அண்ணாச்சி கிடையாது. ஆனால் எழுத்தில் ஒரு வாக்குறுதி உண்டு.

"எங்களிடமே நேராகப் பதிவு செய்யுங்கள். இதே அறை வேறு எங்காவது இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால், அந்த விலைக்கே தருகிறோம். அதற்கு மேலும் தள்ளிக் கொடுக்கிறோம்." இதுதான் அந்த வாக்குறுதியின் சாரம். மாரியட், ஹில்டன், ஹயத் போன்ற கம்பெனிகள் இப்படி அறிவித்திருக்கின்றன. மாரியட்டும் ஹில்டனும் குறைந்த விலைக்கு இறங்கி வந்து, அதிலும் நூற்றுக்கு 25 தள்ளுபடி தருவதாகச் சொல்கின்றன.

வியாபாரிகளுக்கு ஏன் இந்தத் தாராளம்? 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதலுக்குப் பிறகு பிரயாணிகள் குறைந்தார்கள். காலியாகக் கிடந்த அறைகளை ஓட்டல்கள் பதிவுக் கம்பெனிகளிடம் மலிவாகத் தள்ளிவிட்டன. ஜனங்களும் மலிவு விலை அங்கேதான் என்று பழகிவிட்டார்கள். விட்ட வாடிக்கையை மீட்பதற்காகப் பிறந்ததுதான் இந்த உத்தரவாதம். இருபத்தைந்து சதவீதம் அவ்வப்போது ஒருவருக்குக் கொடுத்தாலும், எல்லோரும் நேரே வந்தால் கமிஷனில் மிச்சம் பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

கணக்கைப் பாருங்கள். ஓட்டலின் சொந்த இணையதளத்தில் ஓர் அறை ஒரு நாளுக்கு 6,000 ரூபாய். பதிவுக் கம்பெனி ஒன்றில் அதே அறை 5,400. அத்தான் முதலில் ஓட்டலின் தளத்தில் 6,000 ரூபாய்க்குப் பதிவு செய்கிறார். பிறகு உத்தரவாதம் கேட்டு மனுப் போடுகிறார். மனு ஏற்கப்பட்டால் வாடகை 5,400-க்கு இறங்கி, அதில் 25 சதவீதமும் கழிந்து 4,050 ஆகிவிடும். இரண்டு நாளுக்கு, 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, 12,600 கட்ட வேண்டியவர் 8,505 கட்டினால் போதும். மிச்சம் 4,095 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது லேசான தொகை அல்ல. நெல்லையிலிருந்து இரண்டு பேர் ரயிலில் போய்வரும் செலவே இதில் அடங்கிவிடும்.

எங்கே வழுக்கும்?

கேட்டவுடன் கொடுத்துவிடுவார்களா என்றால், அதுதான் இல்லை. நிபந்தனைகள் பாபநாசத்துப் பாறை மாதிரி. பார்த்துக் கால் வைக்காவிட்டால் வழுக்கிவிடும்.

முதலாவதாக நேரம். பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது பொதுவான விதி. நாளை மாலை போய்த் தங்கப்போகிற அறைக்கு இன்று இரவு மனுப் போட்டாலும் பல கம்பெனிகள் ஏற்கமாட்டா. ஓட்டலுக்குள் நுழையும் நேரத்துக்கு முழுதாக ஒரு நாள் பாக்கியிருக்க வேண்டும் என்பார்கள்.

அடுத்து, எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அதே ஓட்டல், அதே தேதிகள், அதே வகை அறை, அதே எண்ணிக்கை ஆட்கள், அதே நாணயம். காலைப் பலகாரம் ஒன்றில் சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருந்தால் மனு தள்ளுபடி. மிகுதியான பேர் இடறி விழுவது ரத்து விதியில்தான். பதிவுக் கம்பெனியில் குறைந்த விலை போட்டிருப்பது பெரும்பாலும் "ரத்து செய்தால் பணம் திரும்ப வராது" என்ற அறைக்கு. ஓட்டலின் தளத்தில் அத்தான் எடுத்ததோ எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய அறை. இரண்டும் வேறு சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். சரி, ஓட்டலிலும் பணம் திரும்பாத அறையையே எடுத்து மனுப் போடலாமே என்றால், மனு தள்ளுபடியானால் அதிக விலையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் தேதி மாறக்கூடும் என்பதால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ரத்து செய்யக்கூடிய அறைக்கு ரத்து செய்யக்கூடிய அறையையே தேடி ஒப்பிட வேண்டும். அப்போது மனு தோற்றாலும் நஷ்டம் இல்லை.

அந்தக் குறைந்த விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிவதாகவும் இருக்க வேண்டும். அங்கத்தினர்களுக்கு மட்டும் காட்டும் விலை, கூப்பன் போட்டால் குறையும் விலை, குறிப்பிட்ட பாங்கி கார்டில் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி, விமான டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டிய விலை, ஓட்டலின் பெயரையே மறைத்து விற்கும் விலை, இவை ஒன்றும் செல்லாது. நம் நாட்டில் பதிவுக் கம்பெனிகள் காட்டும் மலிவில் பெரும்பகுதி கூப்பனும் பாங்கி கார்டும்தான். அதனால்தான் இங்கே இந்த உத்தரவாதத்தால் பலன் பெறுவது அபூர்வமாக இருக்கிறது. உத்தரவாதம் சுத்தப் பொய்யும் அல்ல; விளம்பரத்தில் தெரிகிற அளவு பெரியதும் அல்ல.

வரியிலும் ஒரு சூட்சுமம். ஓர் இடத்தில் வரி சேர்த்த விலையும், இன்னோர் இடத்தில் சேர்க்காத விலையும் போட்டிருப்பார்கள். வரி நீக்கிய தொகையோடு வரி நீக்கிய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு வரி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். வாடகை 7,600 என்றால் வரியோடு 8,968 ரூபாய் ஆகிறது. 7,400 என்றால் 7,770 தான். வாடகையில் 200 ரூபாய் குறைந்தால் கையிலிருந்து போகும் பணத்தில் 1,198 ரூபாய் குறைகிறது! இந்த எல்லையை ஒட்டிய அறைக்கு மனுப் போடுவது பிரயாசைக்குத் தகுந்தது.

மனுவை ஓட்டல் வாசலில் கொடுக்க முடியாது. கம்பெனியின் இணையதளத்தில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கும். பதிவு எண், குறைந்த விலை தெரியும் பக்கத்தின் முகவரி, தேதி, தொகை எல்லாம் எழுதி அனுப்பினால், கம்பெனியின் ஆள் ஒருவர் அந்தப் பக்கத்தைத் தாமே திறந்து பார்ப்பார். அவர் பார்க்கும் நேரத்தில் அந்த விலை அங்கே இருக்க வேண்டும். நாம் பார்த்தபோது இருந்தது என்றால் பெரும்பாலும் போதாது. ஆகையால் பதிவு செய்த கையோடு, அதே பத்து நிமிஷத்தில் மனுவை அனுப்பிவிடுவது உத்தமம். விலை தெரியும் பக்கத்தையும், ரத்து விதி எழுதியிருக்கும் இடத்தையும், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுத்தால்?

எல்லா நிபந்தனையும் பொருந்தியிருந்தும் சாக்குச் சொல்லி மறுத்தால், முதலில் எந்த நிபந்தனையில் மனு தவறியது என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். பல மறுப்புகள் அந்த ஒரு கேள்வியிலேயே மாறிவிடக்கூடியவை. ஏனென்றால் முதல் மறுப்பு அவசரத்தில் எழுதியதாக இருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான உத்தரவாதம் கொடுக்கும் விளம்பரத்தையும் ஏமாற்று விளம்பரம் என்றே சொல்கிறது. முன்பெல்லாம் எதிர்க்கட்சிக்காரரின் ஊர் அல்லது காரியம் நடந்த ஊரைத் தேடிப் போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஓட்டல் சென்னையில் இருந்தாலும், கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பதிவு ரசீது, அன்று எடுத்த படங்கள், மனுவின் நகல், கம்பெனியின் பதில், கேட்ட கேள்விக்கு வந்த மறுபதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனால் போதும்.