கடைக்கு உரிமம், மாடிக்குச் சோதனை

புது தில்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது ஜி.பி. சாலை. தரைத் தளத்தில் இயந்திர உதிரி பாகங்களும் குளியலறைச் சாதனங்களும் விற்கும் கடைகள். அவற்றுக்கு மேலே, குறுகிய படிக்கட்டுகளின் முடிவில், "கோட்டா" எனப்படும் பாலியல் தொழில் விடுதிகள். கீழே இருப்பவர் மாநகராட்சியிடம் உரிமம் கேட்கலாம். மறுக்கப்பட்டால் வழக்கும் தொடரலாம். மேலே இருப்பவருக்கு அந்த வழியே இல்லை.

பேச்சு வழக்கில் விபசாரத் தடுப்புச் சட்டம் எனப்படும் 1956-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்குக் காரணம். வயது வந்த பெண் தன் விருப்பப்படி இத்தொழிலில் ஈடுபடுவதை அது குற்றம் என்று கூறவில்லை. அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ அனைத்தையும் குற்றமாக்கியுள்ளது. விடுதி நடத்துவது குற்றம். பாதுகாப்பு கருதி இரு பெண்கள் ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்து தொழில் செய்தாலும், சட்டத்தின் விளக்கப்படி அது விடுதிதான். அவர்களது வருவாயில் வாழும் 18 வயதைக் கடந்த எவரும், முதிய தாயோ படிக்கும் மகனோ ஆயினும், தண்டிக்கப்படலாம். வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் அந்தப் பெண்ணே குற்றவாளி. பழைய தில்லியின் நெரிசலில் இவற்றுள் ஒன்றேனும் இல்லாத 200 மீட்டரைக் காண்பது அரிது.

குற்றம் எனச் சட்டம் கூறும் ஒன்றுக்கு எந்த மாநகராட்சியும் உரிமம் தர முடியாது. எனவே உரிம விதிகள் அனைத்தும், சந்தேகத்துக்கு உள்ளாகும் அண்டைத் தொழில்கள் மீதே பாய்கின்றன. மும்பையின் நடன பார்கள் இதற்குச் சரியான சான்று. 2005-இல் மகாராஷ்டிர அரசு அவற்றைத் தடை செய்தபோது மூன்று நட்சத்திரம் மற்றும் அதற்கு மேற்பட்ட ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதே நடனம் ஓரிடத்தில் ஆபாசம், வேறிடத்தில் கலை! இந்தப் பாகுபாடு செல்லாது என 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடையால் வேலையிழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்கே தள்ளப்பட்டதை அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

அரசு விடவில்லை. 2016-இல் புதிய சட்டம் கொண்டுவந்து நிபந்தனைகளை அடுக்கியது. கல்வி நிலையம், வழிபாட்டுத் தலத்திலிருந்து ஒரு கிலோ மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கண்காணிப்பு கேமரா வேண்டும். நடனம் நடக்கும் இடத்தில் மது கூடாது. 2019 ஜனவரி 17-இல் நீதிபதி ஏ.கே. சிக்ரி தலைமையிலான அமர்வு இவற்றை ரத்து செய்தது. மாலை 6 முதல் இரவு 11.30 வரை என்ற நேர வரம்பையும், பணியாளருடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்ற விதியையும் ஏற்றது. நிபந்தனைகளில் பெண்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டது அந்த ஒப்பந்த விதிதான். தடைக்குப் பின் அத்தனை ஆண்டுகளில் ஓர் உரிமம்கூட வழங்கப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

தில்லியில் 2021-இல் ஸ்பாக்களுக்கு வந்த விதியும் இத்தகையதே. ஆணுக்குப் பெண்ணோ பெண்ணுக்கு ஆணோ மசாஜ் செய்யக் கூடாது என்ற நிபந்தனைக்கு அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உரிமம் பெறாத ஸ்பாக்களை மூடவும் உத்தரவிட்டது. தமிழகத்திலும் குழப்பமே. ஸ்பாக்களில் கேமரா கட்டாயம் என்று அதே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட, அடுத்த மாதமே மதுரைக் கிளையின் மற்றொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றார்.

அப்படியானால் பாலியல் தொழிலுக்கே நேரடியாக உரிமம் வழங்கிவிடலாமே என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. இந்தியா அதைக் கண்டதுண்டு. 1868-இல் ஆங்கில அரசு இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம், பெண்கள் பதிவு செய்துகொண்டு மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும் என்றது. வராதவருக்குத் தண்டனை, நோய் கண்டவருக்கு மருத்துவமனையில் அடைப்பு. வாடிக்கையாளரான ஆணுக்கு ஒரு சோதனையும் இல்லை. 1888-இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. கொல்கத்தா சோனாகாச்சியின் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி கோருவதும் உரிமம் அன்று. தண்டனைப் பிரிவுகளை நீக்கித் தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டும் என்பதே.

நாடாளுமன்றம் இதைத் தொடத் தயங்குகிறது. 2006-இல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, அழைப்பு விடுக்கும் பெண்ணைத் தண்டிக்கும் 8-ஆம் பிரிவை நீக்க முன்வந்தது. வாடிக்கையாளரைத் தண்டிக்கும் புதிய பிரிவில் சர்ச்சை எழுந்தது. 2009-இல் 14-ஆவது மக்களவையோடு மசோதாவும் காலாவதியானது. 2018-இல் மக்களவை நிறைவேற்றிய ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவும் மாநிலங்களவையைத் தாண்டவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் 142-ஆவது பிரிவின் கீழ் ஆணை பிறப்பித்தது. விடுதிச் சோதனையில் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டதாகப் பல ஊடகங்கள் அன்று தலைப்பிட்டன. ஆணையை முழுமையாகப் படித்தால் நிலைமை வேறு. குழு அளித்த பத்துப் பரிந்துரைகளில் ஆறினை மட்டுமே நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. போலீஸார் கண்ணியமாக நடத்த வேண்டும், ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். சோதனையின்போது கைது கூடாது என்ற பரிந்துரையோ, மத்திய அரசு தயக்கம் தெரிவித்த நான்கில் ஒன்று. ஏற்கப்பட்ட ஆறும்கூட, மத்திய அரசு சட்டம் கொண்டுவரும் வரைக்குமே.