மறுபடியும் சனிக்கிழமை

கால்பந்து மேனேஜரைப் பற்றி 700 பக்கங்களுக்கு மேல் ஒரு நாவல். பாதியில் மூடி வைத்தவர்களும் உண்டு, கடைசிப் பக்கத்தில் கலங்கிப் போனவர்களும் உண்டு.

ஒரு சீசனுக்கு 42 லீக் ஆட்டங்கள். 14 முழு சீசன்கள், அதற்கு முன்னால் ஓர் அரை சீசன். லிவர்பூல் அணியின் மேனேஜராக பில் ஷாங்க்ளி கண்ட ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? டேவிட் பீஸ் 2013ல் வெளியிட்ட 'ரெட் ஆர் டெட்' ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. எந்த மைதானம், எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யார் ஆடினார்கள், கோல் போட்டது யார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே. 'அவர்' என்று சொன்னால் போதும் என்கிற இடத்திலும் 'பில்' என்றே வருகிறது.

இங்கிலாந்தில் வாசகர்களும் விமர்சகர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்ததில் ஆச்சரியமில்லை. பழைய ஸ்கோர் நோட்டை நாவல் என்று விற்கிறார்கள் என்பது ஒரு கட்சி. மற்றவர்களுக்கு அது மந்திரம் போல் ஒலித்தது. நமக்குப் பழகிய உதாரணம் சகஸ்ரநாமம்: ஒவ்வொரு பெயருக்கும் பொருள் தேடுகிறவர் களைத்துப் போவார், ஓசையோடு போகிறவர் கரை சேர்ந்துவிடுவார். வடிவத்தில் புதுமை செய்யும் நாவல்களுக்கான கோல்ட்ஸ்மித்ஸ் பரிசின் முதல் ஆண்டுப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. பரிசு கிடைக்கவில்லை.

பீஸுக்கு எதிர்ப்பு புதிதல்ல. லீட்ஸ் அணியில் 44 நாட்களே தாக்குப்பிடித்த பிரையன் க்ளஃபைப் பற்றி 2006ல் அவர் எழுதிய 'த டேம்ண்ட் யுனைட்டெட்' விறுவிறுப்பானது. அங்கே முகம் சுளித்தவர்கள் கதைக்குள்ளே இருந்தவர்கள். புத்தகத்தில் இருப்பது தாங்கள் அறிந்த மனிதரே அல்ல என்று க்ளஃபின் குடும்பம் வருந்தியது. லீட்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸ் சட்டத்தை நாடினார். விவகாரம் சமரசத்தில் முடிந்து, பிந்தைய பதிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டன. 'ரெட் ஆர் டெட்' நாவலில் நிலைமை தலைகீழ். நாயகன்மேல் அத்தனை பக்தி, அவதி வாசகருக்கு.

பக்தி கொஞ்சம் அதிகம்தான். ஷாங்க்ளியைப் புனிதராக்கிவிட்டார் என்ற குறையை மறுக்க முடியாது. ஐம்பது ஆட்டங்களைக் குறைத்திருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது.

ஆனால் பாதியில் மூடியவர்கள் தவறவிட்ட ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் சுரங்க கிராமமான க்ளென்பக்கில் பிறந்த ஷாங்க்ளி, 1959ல் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1962ல் அதை மேலே கொண்டுவந்தார். 1964, 1966, 1973 என்று மூன்று முறை லீக் பட்டம். 1974 ஜூலை 12 அன்று, 60 வயதில், திடீரென்று விலகினார். நகரமே திகைத்தது. அடுத்த மாதம் வெம்ப்ளி மைதானத்துக்குள் லிவர்பூல் அணியைக் கடைசி முறையாக அழைத்து வந்தார். எதிரணியை அழைத்து வந்தவர் லீட்ஸின் புது மேனேஜர் க்ளஃப். பீஸின் இரண்டு நாயகர்களும் அன்று ஒரே மைதானத்தில்.

நாவலின் இரண்டாம் பாதி அதற்குப் பிந்தைய வாழ்க்கை. நடை மாறவில்லை, அதே குட்டி வாக்கியங்கள், அதே 'பில்'. ஆனால் எண்ணிச் சொல்ல ஆட்டம் இல்லை. ஆட்டத்தைத் திட்டமிட்ட அதே அக்கறையோடு பில் காரைக் கழுவுகிறார், பாத்திரம் துலக்குகிறார். முதல் பாதியில் கொட்டாவி விட வைத்த அந்த நடையே இங்கே நெஞ்சை அடைக்கிறது. அத்தனை சனிக்கிழமைகளையும் கூடவே கடந்து வந்தவருக்குத்தான் அவை நின்றுபோனது உறைக்கும். பக்கங்களைத் தள்ளிப் படித்தவருக்கு அது ஒரு முதியவர் காரைக் கழுவும் காட்சி, அவ்வளவே.

நிஜ ஷாங்க்ளியும் விலகிய பிறகு மெல்வுட் பயிற்சி மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மேனேஜர் நாற்காலியில் பாப் பெய்ஸ்லி இருக்க, ஆட்டக்காரர்கள் இவரையே 'பாஸ்' என்றார்கள். நாளடைவில் தனக்கு அங்கே வரவேற்பில்லை என்று புரிந்துகொண்டார். 1981 செப்டம்பரில் இறக்கும்வரை ரசிகர்கள் அவரை மறக்கவில்லை. அவர்கள் எழுதிய கடிதங்களுக்குத் தன் டைப்ரைட்டரில் தானே பதில் அடித்து அனுப்புவது அவர் வழக்கம்.