மலை ரயிலுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஹில்குரோவ்

ஊரே இல்லாத இடத்தில் ஒரு ரயில் நிலையம் எதற்கு? மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே, காட்டுக்குள் இருக்கும் ஹில்குரோவைப் பார்க்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும். இங்கே டிக்கெட் எடுத்து ஏறுகிறவர்களை நம்பி இந்த நிலையம் கட்டப்படவில்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காகத்தான்.

இந்த மலை ரயில் பாதையின் வேலை 1891இல் தொடங்கி, 1899இல் குன்னூர் வரை ரயில் ஓடியது. 1908இல் பாதை ஊட்டியை எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டர்தான். ஆனால் கல்லாறு தொடங்கி குன்னூர் வரையிலான ஏற்றம் சாமானியமானதல்ல: பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயர வேண்டும். வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்தபடி ஏறும். இந்தியாவில் வேறு எந்தப் பாதையிலும் இந்த ஏற்பாடு கிடையாது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால், முன்னே என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான் அவருக்குக் கண்கள்.

இப்படித் தம் பிடித்து ஏறும்போது எஞ்சினிலுள்ள தண்ணீர் நீராவியாகி வேகமாகத் தீர்ந்துபோகிறது. ஹில்குரோவில் வண்டி நின்றதும் ஒருவர் எஞ்சின் மேல் ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து குழாயை உள்ளே திருப்புகிறார். இன்னொருவர் கீழே நின்று சக்கரத் தண்டுகளுக்கு எண்ணெய் விடுகிறார். பயணிகளுக்கு அது டீ குடிக்கும் நேரம். நடைமேடையெங்கும் குரங்குகள், கையிலிருக்கும் பண்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். அவற்றுக்குத் தீனி போடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் வீசாதீர்கள்.

2005இல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பாலங்களும் சுரங்கப்பாதைகளும் படங்களில் இடம்பிடித்துவிடுகின்றன. தண்ணீர் பிடிக்கிற இந்தச் சின்ன நிலையத்துக்கும் அந்தப் பெருமையில் சரிபங்கு உண்டு. கட்டடத்தோடு சேர்த்து அதன் தண்ணீர் வசதியையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டும்.

போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிவதால் ரயிலை அடிக்கடி ரத்து செய்வார்கள். வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.