நீலக்குறிஞ்சி பூக்கும் மலை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. பூங்கா என்றதும் பாத்திகளையும் ஊஞ்சல்களையும் எதிர்பார்த்துச் செல்வோர் வியப்படைவர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளியே விரிந்து கிடக்கிறது. பள்ளங்களில் மட்டும் குட்டையான, அடர்ந்த காடுகள் உள்ளன. அவற்றை அறிவியலாரும் ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல்லாலேயே குறிப்பிடுகின்றனர்.

இப்புல்வெளியில் வளரும் புதர்ச்செடியே நீலக்குறிஞ்சி. சங்க இலக்கியத்தில் மலைநிலம் இம்மலரின் பெயரையே பெற்றுள்ளது. சரிவிலுள்ள செடிகள் யாவும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கின்றன. இங்கு 2006இலும் 2018இலும் பூத்தன. 2018இல் பிறந்த குழந்தை, அடுத்த பூப்பினை 2030இல் தன் பன்னிரண்டாம் வயதில் காணலாம். இம்மலைகளில் வாழும் முதுவர் என்னும் பழங்குடியினர், குறிஞ்சி பூத்த முறைகளை எண்ணியே வயதைக் கணக்கிட்டனர் என்பர்.

மாமரத்தில் ஒரு பூங்கொத்தினை ஒடித்தால் மறு ஆண்டு வேறு பூ வரும். குறிஞ்சியோ வாழ்நாளில் ஒரேயொரு முறை பூத்து, விதை தந்து மடிந்துவிடும். வாழையும் ஒருமுறைதான் குலை தள்ளும். ஆயினும் அதற்குப் பக்கக்கன்று உண்டு. குறிஞ்சிக்கு விதை ஒன்றே வழி. அழகுக்காகப் பறிக்கும் ஒரு கொத்து, முளைக்க வேண்டிய பல செடிகளை இல்லாமற் செய்துவிடுகிறது. பூப்பறித்தல் இங்குத் தடைசெய்யப்பட்டிருப்பது இதனால்தான்.

மரமில்லாத நிலம் வீண்நிலம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் பல, தேயிலைக்கும் தைல மரங்களுக்கும் இடமாயின. உண்மையில் புல்வெளி மழைநீரைத் தேக்கி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகிறது. இரவிகுளம் தப்பியதோ விந்தையான கதை! தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர் தம் வேட்டைக்காக இதனை ஒதுக்கி வைத்திருந்தனர். 1975இல் இது சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அன்று வேட்டையாடப்பட்ட வரையாடுகள் இன்று இங்கு அச்சமின்றி மேய்கின்றன. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்குமாகும்.

பார்வையாளர்கள் வனத்துறையின் பேருந்தில் இராஜமலைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கிருந்து சாலையிலேயே நடந்து சுற்றிப் பார்க்கலாம். புல்லில் கால் வைக்க இசைவில்லை. வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், பூங்காவின் வாயில் மூடப்பட்டிருக்கும்.