மண் சுவரும் திண்ணையும்

தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதை வெட்டுவித்தவர்கள் குடியிருந்த வீடு ஒன்றுகூட இன்று இல்லை. சாமிக்குக் கல், மனுஷனுக்கு மண் என்பதுதான் அன்றைய வழக்கம்.

நம் பாட்டன் காலம் வரை கிராமத்து வீடு எழுந்த விதமே தனி. அறுவடை முடிந்து கோடை பிறந்ததும் குளத்து மண்ணை வெட்டி வந்து ஊறவைத்து, வைக்கோல் துண்டுகளைச் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். அதை உருண்டை உருண்டையாக அடுக்கி ஒன்றரை, இரண்டு அடி எழுப்பியதும் நிறுத்திவிட வேண்டும். அந்தப் படை காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் சுவர் பிதுங்கிவிடும்! மேலே பனங்கைகளைப் பரப்பி, ஓலையோ கீற்றோ வைக்கோலோ வேய்வார்கள். கனத்த மண் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆனால் கூரையைச் சில வருஷத்துக்கொரு தடவை மாற்றியாகணும். அக்கம்பக்கம் கைகொடுக்காமல் அது நடக்காது.

வசதியுள்ள வீட்டில் திண்ணை, நடை, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் அடுப்பு. ஏழை வீட்டிலோ ஒரே அறைதான். சமையல், பிரசவம், நெல்லுக் குதிர் எல்லாம் அதற்குள்ளே; ஆம்பளைங்களுக்குத் திண்ணையிலேயே படுக்கை. அயர்லாந்துக் கிராமத்து வீட்டிலும் மண் சுவரும் வைக்கோல் கூரையும் உண்டு. குளிர் தேசமாதலால் அங்கே அடுப்புத்தான் நடுநாயகம். ஏழைகள் மாட்டையும் அதே கூரைக்குள் கட்டினார்கள். நமக்கு வேண்டியது நிழலும் காற்றும், அதனால் பாதி வாழ்க்கை வாசலில் நடந்தது.

திண்ணை எல்லோருக்கும் பொதுன்னு இப்போது பெருமையாகச் சொல்கிறோம். பாதிதான் உண்மை. வழிப்போக்கர் படுத்தார், திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது. ஆனால் சாதி பார்த்துத்தான் உட்காரவிட்டார்கள். மண் வீடும் தட்பவெப்பம் அறிந்து கட்டியது மட்டுமல்ல. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கும் உரிமையைச் சோழர் செப்பேடுகள் தனிச் சலுகையாக வழங்குகின்றன. கொங்கு நாட்டுக் கம்மாளர் தம் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசவே அரசாணை வாங்க வேண்டியிருந்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அதாவது, கட்டத் தெரியாமல் இல்லை, கட்டவிடவில்லை.

1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், சீமை ஓடு மெல்ல மெல்ல நம் ஊர்களுக்கும் வந்தது. கூரை மாற்றும் வேலை குறைந்தது, அதற்காகக் கூடிய கூட்டமும் குறைந்தது.

லீவுக்குச் சென்னை போகும்போது பிள்ளைகளை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் கூட்டிப்போங்கள். 1996-இல் திறந்த அந்த இடத்தில், பழைய வீடுகள் சிலவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்தே நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.